பின்லாந்தரும் எனக்கு ஒத்துவராத பாதாமும்

உலகத்தில் பின்லாந்துக்காரர் எத்தனையோ லட்சம் பேர் இருப்பார்கள். ஆனால் ஒரு தடவைகூடப் பின்லாந்துக்குப் போகாமல், அந்த நாட்டைக் கலண்டர்ப் படத்தில் தவிர வேறெங்கும் பார்க்காமல், முழுநேரப் பின்லாந்துக்காரராக வாழ்ந்த மனிதர் ஒருவர்தான். அவர் பிறந்தது மன்னாரில். இருந்தது சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், சீசா என்கிற பகுதியில், எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில்.

டிசம்பர் பிறந்துவிட்டால் அவரிடம் "எப்பிடி அண்ணை, சுகமோ?" என்று கேட்கக் கூடாது. "எங்கடை பக்கம் இப்ப மைனஸ் பதினெட்டு" என்பார். பலெர்மோவில் அந்த நேரம் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மனிதர் காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு நின்று வேர்த்துக் கொட்டுவார். எல்லோரும் அவரைப் பின்லாந்தர் என்றே கூப்பிட்டோம். ஞானஸ்நானப் பெயர் என்னவென்று எவருக்கும் தெரியாது. தபால்பெட்டியில் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. அது அவருக்கு முன் அந்த வீட்டில் இருந்த மொறீசியஸ்காரருடையது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமை. நாகரிகமாக மறைத்துக்கொள்ளக்கூடிய சின்னப் பொறாமையில்லை. சோடா குடித்தாலும் அடங்காத வயிற்றெரிச்சல்.

காரணத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். எங்கள் செபக் கூட்டத்தில் ஏழு குடும்பங்கள். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் நாலு ஞாயிறும் நாலு வீட்டில் செபமாலை சொல்லுவோம். முதல் மூன்று ஞாயிறும் யார் வீட்டிலும் நடக்கலாம், தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போதும். நாலாம் ஞாயிறு மட்டும் பெரிய சாப்பாடு. அது பன்னிரண்டு வருடமாக எங்கள் வீடு, பன்னிரண்டு வருடமாக என் ஆட்டிறைச்சி றோல்ஸ். நான் தொழிலுக்கு மாடிவீடுகளின் படிக்கட்டுக் கழுவுகிறவன். வருடம் முழுக்க மற்றவர்களுடைய படியைக் கழுவுகிற எனக்கு, ஒரே ஒரு நாள் பதினொரு பேர் என் படியேறி வந்து, என் கையால் சாப்பிட்டு, "உம்மடை றோல்ஸுக்கு ஈடு இல்லை காணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் நான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பின்லாந்தர் மேல் வீட்டுக்கு வந்த கதை சுருக்கமானது. அவர் நகர நடுவில் பொலித்தியாமாப் பக்கம் ஒரு வயோதிபச் சிஞ்ஞோறாவை ஒன்பது வருடம் பராமரித்தவர். அந்த அம்மா பின்லாந்துக்காரி. ஒரு சிசிலிக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, அவரையும் அடக்கம் செய்துவிட்டு, கண் பார்வையும் மங்கி இருந்தவர். குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, மூக்கால் மணந்து மணந்து, பின்லாந்துச் சமையல் முழுவதையும் இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் காலமானதும் பின்லாந்தர் ஒரு கறுவாப் பெட்டி, நட்சத்திர வடிவ அச்சு, மூன்று மரக்கரண்டி, அந்தத் தொப்பி, இவ்வளவோடு எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்.

புதிதாக வந்தவர் என்று செபக் கூட்டத்தில் அவருக்கு முதலாம் ஞாயிறைக் கொடுத்தோம். கொடுத்ததே நான்தான். "பாவம், தனிச்ச மனுசன், தேத்தண்ணி ஊத்தித் தரட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய பெருந்தன்மைகளில் அதுதான் கடைசி.

தேத்தண்ணியா கொடுத்தார்? கதவைத் திறந்த உடனேயே கறுவாவும் கராம்பும் ஏலக்காயும் தோடம்பழத் தோலும் சேர்ந்து படிக்கட்டுவரை இறங்கி வந்தன. செபமாலையின் ஐந்தாம் தேவரகசியத்தைச் சனம் ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதுபோல ஓடி முடித்தது. பிறகு சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஆவி பறக்கச் சிவப்பாக ஒன்று வந்தது.

"இது குளோகி. எங்கடை பின்லாந்திலை திருவருகைக் காலம் துவங்கினா இதில்லாத வீடு இல்லை. முந்திரிகைச் சாறுதான், வைன் இல்லை, பயப்பிடாதேங்கோ. குடிச்சு முடிய அடியிலை கரண்டியை விடுங்கோ, பாதாமும் உலர்ந்த முந்திரிகைப் பிளம்ஸும் கிடக்கும்" என்றார் பின்லாந்தர்.

செபக் கூட்டத்துக்குத் தலைவி லில்லியக்கா. ஆயரையே கேள்வி கேட்கக்கூடியவர், இலகுவில் எதையும் புகழமாட்டார். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இருமலுக்குக் குடிக்கிற மல்லித்தண்ணி மாதிரிக் கிடக்கு. ஆனா ஐயோ, இருமல் வராதோ எண்டும் கிடக்கு" என்றார்.

என் மனைவி றீற்றா இரண்டாம் குவளை வாங்கினாள். பன்னிரண்டு வருடத்தில் என் றோல்ஸை அவள் இரண்டாம் தரம் கேட்டு நான் கண்டதில்லை. அதோடு, "பாருங்கோப்பா, ஒரு ஆம்பிளை, தனிய நிண்டு என்ன வடிவாச் செய்திருக்கிறார்" என்று எனக்குச் சொன்னாள். நானும் ஆம்பிளைதான், நானும் தனிய நின்றுதான் றோல்ஸ் சுற்றுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்லாந்தர் என் முன்னால் ஒரு குவளையோடு வந்து நின்றார்.

"தம்பி, உமக்குப் பாதாம் கூடப் போட்டிருக்கிறன்."

அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை, அது தானாகவே வந்துவிட்டது.

"வேண்டாம் அண்ணை. எனக்குப் பாதாம் ஒத்துவராது. தொண்டை வீங்கும்."

பாதாம் மரம் இல்லாத தீவில் இருந்து இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிசிலியில் இருந்துகொண்டு சொன்னேன். இங்கே பலகாரக் கடையில் பாதாம் படாத பண்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். போன மாதம்தான் மரித்தோர் திருநாளுக்குப் பாதாம் மாவில் பழம் பழமாகச் செய்து விற்பதை றீற்றாவோடு நின்று ஒரு பெட்டி முடித்திருந்தேன். அவள் குவளைக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

பின்லாந்தரின் முகம் பேயடித்ததுபோல ஆனது. குவளையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். "கடவுளே, நல்ல காலம் சொன்னீர்! சிஞ்ஞோறாவின்ரை தம்பியார் ஒருத்தர் உப்பிடித்தான், ஒரு கடலைக்கொட்டை பட்டு ஆசுபத்திரியிலை மூண்டு நாள் கிடந்தவராம்" என்றார். மற்றவர்கள் குளோகி குடிக்க எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வந்தது.

அந்த வருடம் நாலாம் ஞாயிறு வழமைபோல எங்கள் வீட்டில் நடந்தது. ஐம்பது றோல்ஸ் சுற்றினேன். சனம் சாப்பிட்டது. சாப்பிட்டுக்கொண்டே, முதலாம் ஞாயிறு குடித்த குளோகியைப் பற்றிக் கதைத்தது. என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு, என் றோல்ஸை வாயில் வைத்துக்கொண்டு!

அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். பின்லாந்தர் விடவில்லை. நான் பாதாம் தின்றால் செத்துப்போவேன் என்கிற செய்தியை நற்செய்திபோல ஊரெல்லாம் பரப்பத் தொடங்கினார். மே மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில் கசாத்தா கேக் வெட்டினார்கள். மேலே பச்சையாகப் பாதாம் மாவு போர்த்தியிருக்கும், எனக்கு உயிர். தட்டை நீட்டுகிறேன், ஒலிபெருக்கியில் குரல் கேட்கிறது: "ஒரு சின்ன அறிவித்தல். எங்கடை றோல்ஸ்காரத் தம்பிக்குக் கேக் குடுக்கவேண்டாம். பாதாம் கிடக்கு. தயவுசெய்து ஒத்துழைக்கவும்." நூற்றிருபது பேர் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை என் தட்டில் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனது.

ஓகஸ்ட் வெயிலில் படி கழுவி முடித்து நாக்கு வறண்டு, எங்கள் மூலையிலுள்ள பாரில் பாதாம் கிரனீத்தா கேட்டேன். உறைபனிபோலச் சுரண்டிக் குவளையில் தருவான், அதைக் குடித்தால் வெயிலையும் மன்னித்துவிடலாம். முதல் கரண்டி வாய்க்குப் போகவில்லை, எங்கிருந்தோ பின்லாந்தர் பாய்ந்து வந்தார். "நோ! நோ! அலெர்ஜிக்கோ! முவோரே!" என்று கத்தினார். முவோரே என்றால் செத்துப்போவார் என்று அர்த்தம். கடைக்காரன் சிலுவை போட்டுக்கொண்டு குவளையைப் பறித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் என்னைக் கண்டால் கேட்காமலே எலுமிச்சை கிரனீத்தாவைத்தான் நீட்டுகிறான்.

மனிதர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்கு முழு நிச்சயம். பொய்யைப் பிடித்துவிட்டார், அதை வைத்தே என்னைக் காயப்போடுகிறார். வீட்டில் வந்து குமுறினேன்.

"சொல்லேக்கை ருசியாத்தானே கிடந்தது? இப்ப அதையே தின்னுங்கோ" என்றாள் றீற்றா.

"நீர் போய் உண்மையைச் சொல்லுமன்."

"நானோ? பொய் உங்கடை. நான் ஏன் அதுக்குப் பங்குக்கு வாறன்?"

இப்படி ஒரு வருடம் பாதாம் இல்லாமல் கழிந்தது. நவம்பர் கடைசியில் லில்லியக்கா வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்காமலே விஷயத்தைச் சொன்னார்.

"இந்த முறை நாலாம் ஞாயிறு பின்லாந்தர் வீட்டிலை வைப்பம் எண்டு எல்லாரும் கதைச்சவை. உங்களுக்கும் ஒரு ஆறுதல்தானே. பன்ரண்டு பதின்மூண்டு வருசமாக் கஸ்ரப்படுறியள்."

நான் கஷ்டப்படுகிறேன் என்று யார் இவருக்குச் சொன்னது? "எல்லாரும் எண்டா ஆர் ஆர்?" என்று கேட்டேன். லில்லியக்கா றீற்றாவைப் பார்த்தார். றீற்றா நிலத்தைப் பார்த்தாள். என் வீட்டு வாக்கும் மேல் வீட்டுக்குப் போய்விட்டது என்று விளங்கிக்கொண்டேன். என்னுடைய அந்த ஒரு நாளை, மைனஸ் பதினெட்டில் வசிக்கும் ஒரு மன்னார்க்காரர் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குமேல் அநியாயம், பல்லரோச் சந்தைக்கு அவரோடு போய் உதவி செய்யும்படி றீற்றா என்னையே அனுப்பினாள். பின்லாந்தருக்கு லந்து வேண்டுமாம். அது ஒரு கிழங்கு. அதை அவித்து மசித்துப் பாகும் சாதிக்காயும் போட்டு ஓவனில் வேகவைத்தால் லந்துலாத்திக்கோ.

"லாத்திக்கோவோ? பேருக்கேத்த மாதிரி எங்களையும் லாத்தித் திரிய வைச்சிட்டியள்" என்றேன், மூன்றாம் தரம் சந்தையைச் சுற்றியபோது.

ஒவ்வொரு மரக்கறிக்காரனிடமும் பின்லாந்தர் தான் கீறிய படத்தைக் காட்டினார். ஒருவன் பீற்றூட் எடுத்துக் கொடுத்தான், இன்னொருவன் முள்ளங்கி. ஒரு மீன்காரன் அதை வெடிகுண்டின் படமென்று நினைத்து, அப்படியெல்லாம் இங்கே விற்பதில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில் ஒரு கடையில் நோக்கோல் என்கிற நூல்கோல் குவிந்து கிடந்தது. பின்லாந்தர் ஒன்றைத் தூக்கி, மணந்து, நகத்தால் கீறி, கண்ணை மூடி நின்றார். சிஞ்ஞோறாவும் அப்படித்தான் மணப்பாராக்கும்.

"லந்து இல்லை. ஆனா லந்துக்கு ஒண்டுவிட்ட தம்பி முறை. இதைப் பிடிப்பம்" என்றார்.

நோக்கோலில் பாகு ஊற்றினால் எவனும் சாப்பிடமாட்டான் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. நாலு கிலோவையும் நானே சுமந்து வந்தேன்.

டிசம்பர் பதின்மூன்று எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷம் தந்தது. அன்று புனித லூசியா திருநாள். பலெர்மோவில் அன்றைக்குக் கோதுமை மா வீட்டுப்படி ஏறக் கூடாது. பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள், ஊரே அரிசி உருண்டைதான் பொரித்துச் சாப்பிடும். இது தெரியாமல் எங்கள் மனிதர் அன்று பார்த்து யோலுதோர்த்து சுட்டுவிட்டார். கோதுமை மாவை நட்சத்திரமாக மடித்து, நடுவில் கறுப்பாகப் பழப்பாகு வைத்துச் சுடுவது. அதை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டுபோய்க் கட்டடக் காவல்கார அம்மாவுக்கு நீட்டினார். லூசியா கண்களின் பாதுகாவலி. அந்த அம்மா இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் நாலு மாடியும் யன்னலைத் திறந்தது. பின்லாந்தர் தட்டோடு திரும்பி ஏறியபோது கம்பளித் தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. நான் கதவிடுக்கால் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை அந்த அம்மாவே மேலே வந்து, நேற்றுத்தானே பாவம், இன்றைக்குப் பரவாயில்லை என்று ஐந்து நட்சத்திரம் தின்றுவிட்டு, ஆறாவதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இறங்கினார். என் சந்தோஷம் ஒரு நாள் தங்கியது.

நாலாம் ஞாயிறு வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விடிய எழும்பி நாற்பது றோல்ஸ் சுற்றினேன். "சும்மா ஒரு உதவிக்கு" என்று சொல்லித் தட்டைக் கொண்டுபோய் மேலே வைத்தேன். உள்நோக்கம் வேறு. என் றோல்ஸையும் அவருடைய நோக்கோலையும் ஒரே மேசையில் வைத்தால் சனத்துக்குப் புத்தி திரும்பும் என்று நினைத்தேன்.

பின்லாந்தர் தட்டைக் கண்டதும் இரண்டு கையாலும் வாங்கி மேசைக்கு நடுவில் வைத்தார். "அருமை, அருமை! எங்கடை பின்லாந்திலையும் இறைச்சி வைச்சுப் பொரிக்கிற பணியாரம் இருக்கு. இது அச்சொட்டா அதுதான்!" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். என் றோல்ஸையும் பின்லாந்துக்காரனாக்கிவிட்டார் அந்த மனிதர்.

மேசையில் பன்றித்தொடை இருந்தது, பீற்றூட் சலாது இருந்தது, இஞ்சி மணக்கும் மெல்லிய பிஸ்கட் இருந்தது, லந்துலாத்திக்கோவும் இருந்தது. நோக்கோலை வாயில் வைத்தேன். தூ என்று துப்பலாம் என்றுதான் வைத்தேன். பொய் சொல்லி ஒரு வருடம் பட்டபாடு போதும், அதனால் உண்மையைச் சொல்கிறேன். நன்றாக இருந்தது.

கடைசியாகப் பின்லாந்தர் கோப்பை கோப்பையாக ஒன்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் வைத்தார். பாலில் குழைய வெந்த சோறு, மேலே கறுவாத்தூள்.

"இது எங்கடை பொங்கல் புக்கையெல்லே!" என்றார் லில்லியக்கா.

"ரீசிபூரோ அக்கா. அவையும் எங்களை மாதிரி அரிசி எண்டுதான் சொல்லுறவை. முன்னுக்கு நிண்ட 'அ' குளிருக்கு உறைஞ்சு விழுந்திட்டுது" என்றார் பின்லாந்தர். பிறகு வழக்கத்தை விளக்கினார். பெரிய சட்டியில் ஒரே ஒரு பாதாம் போடுவார்களாம். அது யாருடைய கோப்பையில் வருகிறதோ அவருக்கு வருகிற வருடம் நல்ல வருடம். கண்டெடுத்தவர் எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை மூச்சுக் காட்டக் கூடாது.

இதுதான் சந்தர்ப்பம் என்று நினைத்தேன். "லில்லியக்கா, வாற வருசம் நாலாம் ஞாயிறு திரும்ப எங்கடை வீட்டிலைதானே?" என்று கேட்டேன். அதைக் கேட்டதும் இன்னும் மூன்று குடும்பம் தங்களுக்கும் ஆசை என்றது. சத்தம் கூடியது. லில்லியக்கா கரண்டியால் மேசையில் தட்டினார்.

"ஒருத்தரும் கதைக்கவேண்டாம். இந்தப் பாதாம் ஆருக்கு வருதோ, வாற வருசம் நாலாம் ஞாயிறு அவையின்ரை வீடு. ஆண்டவர் தீர்மானிக்கட்டும்."

"அக்கா, அது வந்து..." என்று எழுந்தார் பின்லாந்தர்.

"பிதா சுதன் பரிசுத்த ஆவியின்..." என்று லில்லியக்கா தொடங்கிவிட்டார். அவர் செபம் தொடங்கினால் பாப்பரசரும் குறுக்கே பேச முடியாது. பின்லாந்தர் இருந்துவிட்டார்.

பதினாலு பேர் சாப்பிட்டோம். அப்படி ஒரு அமைதியான சாப்பாட்டை நான் கண்டதில்லை. எனக்குப் பாதாம் ஒத்துவராது என்பதே மறந்துபோய், கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினேன். ஓரத்தைச் சுரண்டினேன். கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை. அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டு மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். லில்லியக்காவின் ஒரு கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் இரகசியமாகச் சிரித்தார். எதிரே இருந்தவர் கைலேஞ்சியால் வாயைத் துடைக்கிற சாட்டில் எதையோ உள்ளே மறைத்தார். றீற்றா என்னைப் பார்க்காமல் ஒரு பக்கத்தால் மெல்லாமல் இருந்தாள். பின்லாந்தரைத் தவிரப் பன்னிரண்டு முகத்திலும் ஒரே வெற்றிக் களை.

"எல்லாரும் முடிச்சாச்சோ? சரி, ஆருக்கு வந்தது?" என்றார் லில்லியக்கா. கேட்டுக்கொண்டே தன் கையைத் தூக்கினார்.

றீற்றாவும் தூக்கினாள். பிறகு மேசை முழுக்கக் கைகள். பின்லாந்தர் தூக்கவில்லை. நான் தூக்கவில்லை. மற்ற எல்லோரும் தங்கள் தங்கள் பாதாமை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. கதிரை பின்னால் விழ எழுந்தேன். "பாத்தியளோ! பன்ரண்டு பேருக்குப் பாதாம், எனக்கு மட்டும் இல்லை! ஒரு வருசமா இந்த மனுசன் என்னை வேணுமெண்டு..."

"உமக்கு எப்பிடித் தம்பி போடுவன்?" பின்லாந்தரும் எழுந்துவிட்டார். "தொண்டை வீங்கிச் செத்துப்போவீரெல்லே! உமக்கு வேறை சட்டியிலை காச்சினனான். கரண்டியும் வேறை. சட்டியை ரெண்டு தரம் கழுவினனான், பழைய பாதாம் ஏதும் ஒட்டியிருக்குமோ எண்டு. பாலும் உமக்கெண்டு தனிய வாங்கினது. சந்தேகமெண்டால் வந்து பாரும்."

குசினி வாசலிலிருந்தே தெரிந்தது. அடுப்பில் ஒரு பெரிய சட்டி. தள்ளி, வெள்ளைத் துணியால் மூடி, ஒரு சின்னச் சட்டி. மூடியில் காகிதம் ஒட்டி, கோணல் எழுத்தில் "தம்பிக்கு" என்று எழுதியிருந்தது. அந்தச் சின்னச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது சரி, மற்ற எல்லாருக்கும் ஏன் போட்டனீங்கள்? ஒண்டுதானே வழக்கம்?" என்று கேட்டார் லில்லியக்கா.

பின்லாந்தர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தலையை அன்றுதான் முதல்முதல் பார்த்தோம். மொட்டை.

"அக்கா, அங்கை மேசையிலை ரெண்டு பேர்தான். நானும் சிஞ்ஞோறாவும். ஒரு பாதாம். ஒன்பது வருசமும் எனக்குத்தான் வந்தது. அவவுக்குக் கண் தெரியாது, பாவம், தேடிப் பிடிக்கேலாமல் கிடக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். செத்தாப் பிறகுதான் விளங்கினது."

"என்ன விளங்கினது?"

"அவதானே பரிமாறினவ."

பின்லாந்தர் தொப்பியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஒருத்தருக்கு வந்தா மற்றாள் வெறுங் கோப்பையோடை இருக்கவேணுமெல்லே. ஒன்பது வருசம் அவ இருந்தவ. சனத்தைக் கூப்பிட்டு இருத்திப்போட்டு, ஒருத்தருக்கு மட்டும் போட எனக்கு மனம் வரேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "உமக்கும் வெறுங் கோப்பை தரேல்லைத் தம்பி. ஒரு பிளம்ஸ் போட்டனான். நீர் கடிச்சுப் பாக்காமல் விழுங்கிப்போட்டீர் போலை."

லில்லியக்கா எல்லாக் கோப்பையையும் ஒரு பார்வை பார்த்தார். நீதவான்போலத் தொண்டையைச் செருமினார்.

"பன்ரண்டு பாதாம் வந்தா அதிலை விசேஷமில்லை. ஒண்டே ஒண்டு வந்தது பிளம்ஸ்தான். அது றோல்ஸ்காரருக்கு. வாற வருசம் நாலாம் ஞாயிறு அவையின்ரை வீடு."

"விழுங்கினதுக்குச் சாட்சி?" என்று யாரோ கேட்டார்.

"நான் போட்டனான். எனக்குத் தெரியும்" என்றார் பின்லாந்தர். சந்தோஷத்தில் அவர்தான் முதலில் கை தட்டினார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லுங்கோ என்று றீற்றா காலால் என் காலை மிதித்தாள். நான் சொல்லவில்லை. ஒரு வருடம் எனக்காகப் பயந்து, கேக்கைப் பறித்து, கிரனீத்தாவைப் பறித்து, சின்னச் சட்டியை இரண்டு தரம் கழுவிய மனிதரிடம், "அண்ணை, அது பொறாமையில் சொன்ன பொய்" என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்த வசந்தத்தில், கனடாவில் இருக்கும் அவருடைய மகள் அவரை அங்கே கூப்பிட்டுவிட்டாள்; அப்படி ஒரு மகள் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். உண்மையான பனி, உண்மையான மைனஸ் பதினெட்டு. போய்ச் சேர்ந்த முதல் டிசம்பரில் வீடியோவில் வந்தார். இரண்டு தொப்பி, மூன்று போர்வை, மூக்குநுனி மட்டும் வெளியே. "தம்பி, உதென்ன குளிரடாப்பா! மனுசர் இருக்கிற இடமோ இது? எங்கடை பலெர்மோவிலை இப்ப எத்தினை பாகை?" என்றார்.

இப்போது நாலாம் ஞாயிறு எங்கள் வீடுதான், எவரும் போட்டிக்கு வருவதில்லை. றோல்ஸ் சுற்றுகிறேன். அவர் சொல்லித்தந்த அளவில் ரீசிபூரோவும் காய்ச்சுகிறேன், கோப்பைக்கு ஒரு பாதாம் போடுகிறேன். சாப்பாடு தொடங்கும் நேரம் பார்த்து அங்கிருந்து அழைப்பு வரும். "பாதாம் பக்கம் போகாதேயும், என்ன? உம்மடை சட்டி வேறைதானே?" என்று கேட்பார். "ஓம் அண்ணை, வேறைதான்" என்பேன். அது பொய்யில்லை. மூடியில் "தம்பிக்கு" என்று எழுதிய அந்தச் சின்னச் சட்டியை அவர் எனக்கே விட்டுவிட்டுப் போனார், என் பங்கை அதில்தான் காய்ச்சுகிறேன். வருடம் முழுக்க ஒளித்து ஒளித்து எவ்வளவு பாதாமும் தின்கிறேன், ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒரு ஞாயிறு மட்டும், அவருடைய குரல் கேட்கும்போது, எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்துக்கொள்கிறது.